வாசகர் கேள்வி – பதில்: நட்டம் யார் தலையில்?

சென்ற இதழில், நாடு நொடிக்கும்போது அந்த நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு அரசின் வரிக்கொள்கையை எடைபோட வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஏற்றும் மறுத்தும் கோபித்தும் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாடு சரிந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொருளாதாரம் படிக்காத என்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? விலைவாசி ஏறினாலே சரிவுதானா?

விலைவாசியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. விலை ஏற ஏறக் கூலியும் வேலையும் சேர்ந்தே ஏறிய நாடுகள் உண்டு. ஜப்பானில் விலை ஏறாமலேயே பொருளாதாரம் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது; 1989 டிசம்பரில் உச்சத்தைத் தொட்ட அந்நாட்டின் நிக்கேய் பங்குக் குறியீடு அதே உயரத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி ஆகிவிட்டது.

நான் முதலில் பார்ப்பது, அரசுக்கு வருகிற வருமானத்தில் வட்டிக்கே எவ்வளவு போகிறது என்பதைத்தான். பட்ஜெட் சுருக்கத்தில் இந்த இரண்டு எண்களும் இருக்கும், வகுத்துப் பார்த்தால் போதும். இலங்கையில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் அரசு வருமானத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் வட்டிக்கே போனது. மிச்சத்தில் சம்பளம் கொடுத்து, ஓய்வூதியம் கொடுத்து, மருத்துவமனைக்கு மருந்து வாங்கி, பள்ளிக்கூடம் நடத்த எந்த அரசாலும் முடியாது, அதனால் மேலும் கடன், அந்தக் கடனுக்கு மேலும் வட்டி. கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள், 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்று அரசு அறிவித்தது. அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது, ஆனால் அந்த வகுத்தல் கணக்கு அதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இன்னொரு அடையாளம், அரசு தான் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடத் தொடங்குவது. ஒப்பந்தக்காரர்களின் பில் மாதக்கணக்கில் நிற்கும், திருப்பித் தர வேண்டிய வரிப்பணம் வராது, காலிப் பணியிடங்களை நிரப்ப மாட்டார்கள். அப்புறம் இளைஞர்கள். கிரீஸில் கடன் நெருக்கடி முற்றியபோது வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள், அந்த இழப்பு எந்தப் பட்ஜெட்டிலும் வராது.

வரியைக் குறைத்தால் மக்கள் கையில் பணம் புழங்கும், தொழில் வளரும், கடைசியில் அரசுக்கே அதிக வருமானம் வரும் என்கிறார்கள். நீங்கள் ஏன் இதை எதிர்க்கிறீர்கள்?

எல்லா வரிக் குறைப்பையும் நான் எதிர்க்கவில்லை. 1973–74-ல் இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதமாக இருந்தது. அப்படியொரு விகிதத்தில் ஒருவர் கணக்கில் காட்டாமல் மறைப்பது ஏறக்குறைய நிச்சயம். அதைக் குறைத்தது நியாயம். ஆனால் விகிதம் ஏற்கெனவே மிதமாக உள்ள ஒரு நாட்டில், செலவைத் தொடாமல், மாற்று வருமானமும் இல்லாமல் வரியை மட்டும் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன்னே சாட்சிகள் இருக்கும்போதும் இதே வாதம் தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வருகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதியானார். டிசம்பர் 1 முதல், வாங்கும் பொருளின் விலையோடு சேர்ந்து வரும் வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. தேசக் கட்டுமான வரி ஒழிந்தது. சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட வரி நின்றது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்றுமுதல் இருந்தாலே வாட் பதிவு செய்ய வேண்டும் என்ற வரம்பை 30 கோடியாக உயர்த்தினார்கள். விகிதத்தைக் குறைத்தால் ஒரே நாளில் மறுபடி கூட்டிவிடலாம், ஆனால் பதிவேட்டிலிருந்தே வெளியேறியவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும், அதற்கு ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும், மக்கள் மனதில் மறுபடி பழக்கமும் வர வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 12 சதவீதமாக இருந்த வரி வருவாய், அடுத்த ஆண்டிலேயே 8 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிட்டது. ஈஸ்டர் தாக்குதலும் கொரோனாவும் சுற்றுலாவைக் கொன்றன, 2021-ல் ரசாயன உரத்துக்குப் போட்ட தடை விவசாயத்தைச் சாய்த்தது, பல ஆண்டுகளாக வாங்கிக் குவித்த டாலர் கடன் பத்திரங்களும் முதிர்ந்துகொண்டிருந்தன, இவை எல்லாமே உண்மை. ஆனால் அடி விழும் என்று தெரியாத காலத்தில் கவசத்தைக் கழற்றியது அந்த வரிக் குறைப்புதான்.

பணக்கார நாடு என்றால் தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் க்வாசி க்வார்டெங் 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரிக் குறைப்புகளை அறிவித்தார், பணத்துக்கு வழி என்ன என்று சொல்லவில்லை. மூன்று நாளில் டாலருக்கு எதிராகப் பவுண்டின் மதிப்பு வரலாற்றில் இல்லாத அளவுக்குக் கீழே போனது. அரசுப் பத்திரங்களின் விலை சரிந்ததில் ஓய்வூதிய நிதிகளே கவிழும் நிலை வந்து, 6,500 கோடி பவுண்டு வரை பத்திரங்களை வாங்கத் தயார் என்று மத்திய வங்கி குறுக்கே வந்து நிற்க வேண்டியிருந்தது. அக்டோபர் 20-ல் பிரதமர் லிஸ் ட்ரஸ் பதவி விலகினார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2012-ல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் இதே பரிசோதனையைச் செய்தார், வருமானம் குறைந்து பள்ளிக்கூடங்களுக்கான பணத்துக்கே தகராறு வந்து, 2017-ல் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், மசோதாவைத் தடுக்க அவர் போட்ட வீட்டோவையும் மீறி அந்தக் குறைப்பைத் திரும்பப் பெற்றது.

பேராசை மனித இயல்பு. வங்கிக்காரர்களையும் முதலீட்டாளர்களையும் மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள்? ஆசை இல்லாவிட்டால் தொழிலே இல்லையே.

ஆசை இயல்புதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. ஆசைப்பட்டவர் தோற்றால் அந்தத் தோல்விக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் தொடங்குகிறவரும் ஆசையில்தான் தொடங்குகிறார். கவிழ்ந்தால் அவர் வீடு போகிறது, அவர் நகை போகிறது. அந்த ஆசையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

2008-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வீட்டுக்கடன் கொடுத்தவர் அந்தக் கடனை வைத்திருக்கவில்லை, அடுத்த மாதமே விற்றுவிட்டார், ஆகவே கடன் வாங்கியவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போனது. வாங்கிய வங்கி ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டிப் பத்திரமாக்கி விற்றது. அந்தப் பத்திரத்துக்கு உயர்ந்த தரம் என்று முத்திரை குத்திய தரமதிப்பீட்டு நிறுவனத்துக்குக் கூலி கொடுத்ததே அதை விற்கிற வங்கிதான். நடுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் போனஸ் ஆண்டுக்கு ஆண்டு வந்தது, கடன் வாராக்கடனாவதோ மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் போனஸ் வாங்கியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். இதில் யாரும் தனியாகக் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, விதிகளே அப்படி எழுதப்பட்டிருந்தன, அப்படி எழுத வைக்கப் பல ஆண்டுகள் பணம் செலவழித்தவர்களும் அவர்கள்தான்.

2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது. அதன் பிறகு வங்கிகளைத் தாங்கிப் பிடிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தை அரசு மக்கள் பணத்தால் காப்பாற்றியது, அடுத்த மார்ச்சில் அதே நிறுவனம், நட்டத்தை உண்டாக்கிய அதே பிரிவின் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. ஒப்பந்தம் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். வீட்டை இழந்து தெருவுக்கு வந்த குடும்பங்களோடும் ஒப்பந்தம்தான் இருந்தது, அதில் ஒரு எழுத்தைக்கூட அவர்களுக்காக மாற்றவில்லை.

ஐஸ்லாந்தில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அப்போது சுமார் மூன்று லட்சம் பேர் வாழ்ந்த அந்தச் சின்ன நாட்டில் மூன்று பெரிய வங்கிகளின் சொத்துக் கணக்கு நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போலச் சுமார் பத்து மடங்கு வீங்கியிருந்தது. 2008 அக்டோபரில் சில நாட்களில் மூன்றுமே விழுந்தன. அந்த நாடு தனி வழக்குத் தொடுநரை நியமித்து, வங்கித் தலைவர்கள் உட்படப் பலரைச் சிறைக்கு அனுப்பியது. அங்கேயும் சாதாரண மக்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் தவறு செய்தவர் பெயரைச் சொல்லி, நீதிமன்றத்தில் நிறுத்தி, தண்டித்தார்கள்.

இதில் வரிச் சட்டத்துக்கும் பங்கு உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான நாடுகளில் ஒரு நிறுவனம் கடனுக்குக் கட்டும் வட்டியைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம், பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையைக் காட்ட முடியாது. அப்படியானால் சொந்த முதலைப் போடுவதைவிடக் கடன் வாங்கி நடத்துவதே லாபம் என்று சட்டமே சொல்லிக்கொடுக்கிறது. நல்ல நிறுவனத்தைக் கடன் வாங்கி விலைக்கு எடுத்து, அந்தக் கடனை அந்த நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றி, வட்டியைக் காட்டி வரியையும் குறைத்துக்கொள்கிற வியாபாரம் இந்தச் சலுகையால் கொழுத்தது. இப்போது பல நாடுகள் இந்த வட்டிக் கழிவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. தாமதம்தான், ஆனாலும் நல்ல திசை.

ஐயா, அதிக வட்டி தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்தை நம்பி ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டேன். உறவினர்கள் என்னைப் பேராசைக்காரன் என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்களா?

இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்துப்போனது. வங்கி வட்டி விலைவாசியைக்கூட எட்டாத காலத்தில், மிச்ச வாழ்நாளை யார் கையையும் எதிர்பாராமல் ஓட்ட வேண்டுமே என்று பயந்து ஒருவர் எடுக்கும் முடிவை, ஏமாற்றவென்றே கடை விரித்தவனின் ஆசையோடு சேர்த்து ஒரே பெயரில் அழைப்பது அநியாயம்.

அல்பேனியாவில் 1996–97-ல் ஒரு நாடே இப்படி ஏமாந்தது. கம்யூனிச ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன, வங்கிகள் ஒழுங்காகச் செயல்படவில்லை, மக்களுக்கு இதில் முன் அனுபவமும் இல்லை. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு மாத வட்டியை ஏற்றின. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பணம் போட்டார்கள், வீட்டை விற்றுப் போட்டார்கள், ஆடுமாடுகளை விற்றுப் போட்டார்கள். உச்சத்தில் அந்த நிறுவனங்கள் மக்களுக்குத் தர வேண்டியிருந்த தொகை நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. வெளியிலிருந்து வந்த எச்சரிக்கைகளை ஆட்சியாளர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் இடிந்தபோது கலவரத்தில் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அந்த மூன்றில் இரண்டு பங்கு மக்களையும் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டால், கண்காணிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள்.

உங்களுக்கு உடனே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கொள்ளையடிக்கிற கூட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ரசீது, ஒப்பந்தம், குறுஞ்செய்தி எதையும் அழிக்காமல் வைத்து எழுத்துமூலம் புகார் கொடுங்கள், உங்களைப் போலவே இழந்தவர்களோடு சேர்ந்து கொடுங்கள். தனிப் புகார் கோப்பில் தூங்கும்.

ஏழை, பணக்காரன் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே வரி விகிதம் வைத்தால் குழப்பமே இருக்காதே?

சில நாடுகள் செய்து பார்த்தன. எஸ்டோனியா 1994-ல் தொடங்கி இன்றும் வைத்திருக்கிறது. ரஷ்யா 2001-ல் எல்லோருக்கும் 13 சதவீதம் என்றது, 2021-ல் அதிக வருமானத்துக்குக் கூடுதல் விகிதம் கொண்டுவந்தது. ஸ்லோவாக்கியா 2004-ல் 19 சதவீதம் என்று தொடங்கி 2013-ல் கைவிட்டது. படிவம் எளிமையாகிறது, அது நல்லதுதான். ஆனால் குழப்பம் விகிதங்களால் வருவதில்லை, எது வருமானம், எது விலக்கு, எது செலவு என்கிற விதிகளால் வருகிறது. ஐந்து விகிதம் இருந்தாலும் கணக்கு ஒரு நிமிட வேலை. விலக்குகள் நூறு இருந்தால் ஒரே விகிதம் இருந்தும் பயனில்லை.

வருமான வரி கட்டுகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லாம் இலவசத்தில்தானே வாழ்கிறார்கள்?

இதை எழுதியவர் நல்ல வேலையில் இருப்பவர் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்படுவதன் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வது தவறு.

வாங்கும் பொருளில் ஒளிந்திருக்கும் வரியை எல்லோரும் கட்டுகிறார்கள். 18 சதவீத வாட் இருக்கும் நாட்டில், வருமானம் முழுவதையும் வரி உள்ள பொருட்களுக்கே செலவழிக்க வேண்டிய நிலையில் இருப்பவரிடமிருந்து வருமானத்தில் சுமார் 15 சதவீதம் போகிறது. ஐந்தில் ஒரு பங்கை மட்டும் செலவழித்து மிச்சத்தைச் சேமிக்க முடிகிறவரிடமிருந்து 3 சதவீதம் போகிறது. சட்டத்தில் இருவருக்கும் விகிதம் ஒன்றுதான்.

நெருக்கடி வந்ததும் அரசுகள் முதலில் கை வைப்பதும் இங்கேதான், ஏனென்றால் இதுதான் உடனே வசூலாகும். கிரீஸில் 2010-ல் ஒரே ஆண்டுக்குள் வாட் 19-லிருந்து 23 சதவீதமானது. இலங்கையில் 8 சதவீதமாகக் குறைத்த அதே வாட் 2022-ல் 12, பிறகு 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. 2019-ல் குறைத்தபோது அதில் பெரும்பலன் அடைந்தது யார், 2024-ல் ஏற்றியபோது வலித்தது யாருக்கு என்று பார்த்தால் ஒரே ஆட்கள் இல்லை. சென்ற இதழில் நான் எழுதியதன் சாரமும் இதுதான், சிலருக்கு அது வர்க்கப் பகையைத் தூண்டும் பேச்சாகப் பட்டிருக்கிறது. வரி ஏறிய வரிசையைத்தான் சொல்கிறேன்.

இதற்காக வாட் வரியே கூடாது என்று சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் அது 25 சதவீதம். ஆனால் அங்கே வருமானம், நிலம் எல்லாவற்றிலும் வரி வாங்குகிறார்கள், வாங்கியதைக் கல்வியாகவும் மருத்துவமாகவும் முதியோர் பராமரிப்பாகவும் திருப்பித் தருகிறார்கள். மக்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் கட்டுவார்கள்.

நான் நேர்மையாக வரி கட்டுகிறேன். அரசு அதை வீணாக்குகிறது, சிலர் திருடுகிறார்கள். பிறகு நான் ஏன் கட்ட வேண்டும்?

உங்கள் கோபம் சரி, முடிவுதான் சரியில்லை. கிரீஸில் பல தலைமுறைகள் இப்படித்தான் நினைத்தன. ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களில் தங்கள் வீட்டில் நீச்சல்குளம் உண்டு என்று வரிப் படிவத்தில் சொன்னவர்கள் 324 பேர். செயற்கைக்கோள் படத்தை வைத்து எண்ணியபோது 16,974 குளங்கள். அரசு திருடுகிறது, நானும் கொடுக்க மாட்டேன் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டதில், ஓய்வூதியம் வெட்டப்பட்டபோது குளம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது.

கட்டிவிட்டுக் கேளுங்கள். கட்டாதவருக்குக் கேட்க வாய் வராது, திருடுகிறவர்களுக்கும் அதுதான் வசதி. தணிக்கை அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன, உங்கள் தொகுதி உறுப்பினர் அதைப் படித்தாரா என்று ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.

பெரும் பணக்காரர்களுக்கு வரி போட்டால் பணத்தோடு வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு இருப்பதும் போய்விடும், இல்லையா?

சிலர் போவார்கள். 2022-ல் நார்வே, ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மீது வாங்கும் செல்வ வரியை உயர்த்தியதும் அங்கிருந்து சில பெரும் பணக்காரர்கள் ஸ்விட்சர்லாந்துக்குப் போனார்கள். பிரான்ஸ் பத்து லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 75 சதவீதம் என்று கொண்டுவந்த வரி, பெரிதாக ஒன்றும் வசூலாகாமல் இரண்டு ஆண்டுகளில் முடிந்துபோனது. அவசரத்தில் வடிவமைத்த வரி தோற்கும், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஸ்விட்சர்லாந்திலும் செல்வ வரி இருக்கிறது, ஒவ்வொரு மாகாணமும் வசூலிக்கிறது. அதனால் செல்வ வரி வைத்தாலே எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சம்பளக்காரருக்கும் பெரும் செல்வந்தருக்கும் உள்ள வேறுபாடு விகிதத்தில் இல்லை. சம்பளம் வந்த அன்றே வருமானம். பங்கு விலை ஏறினால் விற்கிற வரை அது வருமானமில்லை. ஆகவே அவர் விற்பதில்லை. பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கிச் செலவழிக்கிறார், கடன் வருமானமில்லையே, வரி கிடையாது. அமெரிக்காவில் அவர் இறந்ததும் வாரிசுக்குப் போகும் பங்கின் அடக்கவிலை, அதாவது லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் வாங்கிய விலை, அன்றைய சந்தை விலையாக மாறிவிடுகிறது, அதுவரை ஏறிய மதிப்பின் மீது வருமான வரி எப்போதுமே விழாது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, அதுதான் வேதனை. வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் பலர் சொத்து வைத்திருந்ததைக் காட்டி 2016 ஏப்ரலில் வெளிவந்த பனாமா ஆவணங்களில் 1.15 கோடிக் கோப்புகள் இருந்தன, ஐஸ்லாந்தின் பிரதமரே அதனால் பதவி விலகினார். ஆனால் அதிலிருந்த எத்தனையோ ஏற்பாடுகள் சட்டத்துக்கு உட்பட்டவைதான்.

தனி நாடாக இதை அடைப்பது கடினம், சேர்ந்து அடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2017-ல் தொடங்கி, இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு விவரங்களைத் தங்களுக்குள் தாமாகவே பகிர்ந்துகொள்கின்றன. 2021 அக்டோபரில் 136 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் பெருநிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று ஒப்புக்கொண்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா இது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது பெரிய பின்னடைவு. இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் இதைப் பேசினாலே கனவு என்பார்கள்.

நீங்கள் நிதியமைச்சரானால் முதல் ஆண்டில் என்ன செய்வீர்கள்?

புது வரி எதுவும் போட மாட்டேன். இருக்கிற விலக்குகளை எடுத்து, ஒவ்வொன்றாலும் அரசு எவ்வளவு இழக்கிறது, யாருக்குப் போகிறது என்று வெளியிடுவேன், ஒவ்வொரு சலுகைக்கும் முடியும் தேதி வைப்பேன். தேதி வந்ததும் வேண்டுமென்கிறவர் சபையில் வந்து காரணம் சொல்லட்டும். உழைத்துச் சம்பாதிப்பதற்கும் பங்கு விற்றுச் சம்பாதிப்பதற்கும் விகிதத்தில் உள்ள இடைவெளியைக் குறைப்பேன். நிலத்தின் மதிப்புக்கு ஒழுங்காக வரி வாங்குவேன். நிலத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வெளிநாடு போக முடியாது, எஸ்டோனியா கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போடுகிறது, அதனால் வீடு கட்டுகிறவருக்கும் தண்டனை இல்லை. வரி அலுவலகத்துக்குப் படித்த ஆட்களை, போதிய சம்பளத்தில் எடுப்பேன். ஒரு பெருநிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் கொண்டுவரும் வருமானம் தெருவோரச் சிறு வியாபாரிகளைத் துரத்துகிற ஆயிரம் பேரால் வராது.

ஒன்றை மட்டும் செய்யவே மாட்டேன், மறைத்த பணத்துக்கு மன்னிப்புத் திட்டம். இத்தாலி திரும்பத் திரும்ப அறிவித்தது. அந்த ஆண்டு கஜானாவுக்குக் கொஞ்சம் பணம் வரும், சரி. ஆனால் ஒழுங்காகக் கட்டியவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? ஏய்த்தவர் அடுத்த மன்னிப்புக்குக் காத்திருப்பார்.

இந்த வரிச் சலுகைக் கணக்கு என் போன்ற சாதாரண வாசகருக்குக் கிடைக்குமா? எங்கே தேட வேண்டும்?

கிடைக்கும். ஜெர்மனியில் வரிச் சலுகைகளையும் சேர்த்துக் காட்டும் மானிய அறிக்கை வெளியிட வேண்டும் என்று 1967 சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1974 முதல் இது பட்ஜெட்டோடு வர வேண்டும் என்று சட்டம். இந்தியாவில் 2006–07 பட்ஜெட்டிலிருந்து பின்னிணைப்பாக வருகிறது, முதலில் ‘விட்டுக்கொடுத்த வருவாய்’ என்ற பொருளில் பெயர் இருந்தது, பிறகு ‘வரிச் சலுகைகளால் வருவாயில் ஏற்படும் தாக்கம்’ என்று மாற்றிவிட்டார்கள். பட்ஜெட் உரையைத் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பார்ப்பதைவிட அந்தப் பின்னிணைப்பின் பக்கங்களைப் படிக்கலாம். நிறுவனங்களின் லாப அளவுவாரியாக அவை உண்மையில் கட்டும் வரி விகிதத்தைக் காட்டும் அட்டவணை அதில் வரும், அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நாட்டில் அப்படி ஒரு பட்டியலே வெளியாவதில்லை என்றால் எழுதுங்கள், அதைப் பற்றி அடுத்த இதழில் பேசுவோம்.